தைராய்டு ரிப்போர்ட்டில் இருக்கிற தடித்த எழுத்துக்கு வைத்தியம் பார்க்காதீங்க

1/
தைராய்டு மாத்திரை சாப்பிடுற ஒருத்தரோட டிஎஸ்ஹெச் ரிப்போர்ட், அவர் கழுத்துல இருக்கிற சுரப்பியைப் பத்தி பெருசா எதுவும் சொல்லாது. கடந்த ஆறேழு வாரமா அவர் அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிட்டார், அதுல எவ்வளவு ரத்தத்துல சேர்ந்துச்சுன்னுதான் சொல்லும். இந்த ஒரு விஷயம் புரியாம நம்ம ஊர்ல எத்தனையோ பேருக்கு டோஸ் ஏறுது, இறங்குது, நிக்குது. நீளமான த்ரெட். வீட்ல யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிட்டா கடைசி வரைக்கும் படிங்க.

2/
"எங்க வீட்ல யாருக்கும் இல்லை டாக்டர்"னு நினைக்காதீங்க. சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்கள்ல 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதிச்ச ஓர் ஆய்வு 2013-ல் வந்தது. சுமார் 11 சதவீதம் பேருக்கு ஹைப்போதைராய்டிசம். அதாவது ஒன்பது பேர்ல ஒருத்தர். பெண்கள்ல இன்னும் அதிகம். உங்க அம்மா, அக்கா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அத்தை, இதுல ஒருத்தர் நிச்சயம் காலைல அந்த மாத்திரையைப் போட்டுட்டுதான் இருப்பாங்க.

3/
இப்போ என்ன நடக்குது? வாட்ஸ்அப்ல லேப் ரிப்போர்ட் வரும். ஒரு நம்பர் மட்டும் தடிப்பா, பக்கத்துல 'ஹெச்' அல்லது 'எல்'னு ஓர் எழுத்து. அதை அப்படியே டாக்டருக்கு அனுப்புவாங்க. "50 பவரை 75 ஆக்கிக்கோங்க"னு ஒரு வரி பதில். சில சமயம் மெடிக்கல்ல இருக்கிற தம்பியே சொல்லிடுவார். சில சமயம் நோயாளியே முடிவு பண்ணிடுவார். மாத்திரையை எப்போ போடுறீங்க, எதோட போடுறீங்கன்னு ஒருத்தரும் கேட்கலை.

4/
முதல்ல அடிப்படை. மொட்டை மாடி தண்ணி டேங்க்கை யோசிங்க. டேங்க்ல தண்ணி குறைஞ்சா மோட்டார் ஓடும், நிறைஞ்சா நிக்கும். ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன்தான் தண்ணி. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி போடுற மோட்டார் சத்தம்தான் டிஎஸ்ஹெச். ஹார்மோன் குறைஞ்சா டிஎஸ்ஹெச் ஏறும். ஹார்மோன் அதிகமானா டிஎஸ்ஹெச் இறங்கும். தலைகீழ் கணக்கு.

5/
இதனாலதான் "எனக்கு தைராய்டு 12 இருக்கு, ரொம்ப ஜாஸ்தி, அதான் மாத்திரையைப் பாதியாக்கிட்டேன்"னு சொல்றவங்களைப் பார்த்தா பதறுது. டிஎஸ்ஹெச் 12-னா ஹார்மோன் பத்தலைன்னு அர்த்தம். அந்த நேரத்துல மாத்திரையைக் குறைச்சா, காலி டேங்க்ல இருந்து இன்னும் ரெண்டு குடம் எடுக்கிற மாதிரி. அதே மாதிரி 'எல்' வந்தா "தைராய்டு குறைஞ்சிடுச்சு, நல்லது"னு சந்தோஷப்படாதீங்க. மாத்திரை அதிகமாகியிருக்கலாம்.

6/
அடுத்தது காலம். நாம சாப்பிடுற லெவோதைராக்சின் மெதுவா வேலை செய்யுற மருந்து. ரத்தத்துல அதோட அளவு பாதியா குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால டோஸை மாத்தினா புது அளவு நிலைக்கு வர 5, 6 வாரம் ஆகும். பிட்யூட்டரி அதைப் புரிஞ்சுக்கிட்டு தன் சத்தத்தை மாத்த இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். டோஸ் மாத்தின பிறகு டெஸ்ட் எடுக்க 6 முதல் 8 வாரம் ஏன் காத்திருக்கச் சொல்றோம்னா இதான் காரணம்.

7/
ரெண்டு வாரத்துல டெஸ்ட் எடுத்து "இன்னும் இறங்கலையே"ன்னு மறுபடி டோஸ் ஏத்துறது, மாவு புளிக்கிறதுக்கு முன்னாடியே இட்லி ஊத்திட்டு அரிசி சரியில்லைன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போடுற மாதிரி. 50, 75, 100-னு ரெண்டு மாசத்துல ஏத்திடுவாங்க. மூணாவது மாசம் டிஎஸ்ஹெச் 0.1-ல நிக்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் இல்லை. உடனே "ஐயோ, ஹைப்பர் ஆயிடுச்சு"ன்னு மாத்திரையை நிறுத்துவாங்க. நோய் மாறலைங்க. நாமதான் பொறுமை இல்லாம ஆட்டி வெச்சோம்.

8/
"ரிப்போர்ட் நார்மல் வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்." இதை மாசத்துல பத்து பேராவது எங்கிட்ட சொல்றாங்க. குடை பிடிச்சதால நனையலை. நனையலையேன்னு நடு மழையில குடையை மடக்குவீங்களா? மாத்திரை சாப்பிடுறவங்க ரிப்போர்ட்ல 'நார்மல்'னு வந்தா டோஸ் சரியா இருக்குன்னுதான் அர்த்தம். பிரசவத்துக்குப் பிறகு தற்காலிகமா வர்ற தைராய்டு பிரச்சினை மாதிரி சிலருக்கு நிறுத்திப் பார்க்க முடியும். அதை டாக்டர் திட்டம் போட்டு, தேதி குறிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்துதான் செய்யணும்.

9/
இங்கதான் ஒரு பெரிய ஏமாத்து வேலை நடக்குது. "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்க, எங்க பொடியைச் சாப்பிடுங்க, பத்தே நாள்ல டெஸ்ட் எடுத்துப் பாருங்க." எடுத்தா நம்பர் பெருசா மாறியிருக்காது. "பாத்தீங்களா, மாத்திரை இல்லாமலே நார்மல்!"

பத்து நாள்ல ஏன் மாறலைன்னு இப்போ உங்களுக்கே தெரியும். நிறுத்தின மாத்திரை ரத்தத்துல இன்னும் மிச்சம் இருக்கு. அந்த 'நார்மல்' பழைய மாத்திரையோட சம்பளம். பேர் வாங்கிக்கிறது பொடி.

10/
ரெண்டு, மூணு மாசம் கழிச்சு முகம் வீங்கி, குரல் கரகரத்து, நடக்கவே முடியாம அதே நோயாளி எங்ககிட்டதான் வருவாங்க. வயசானவங்களுக்கு இது உயிரையே எடுக்கலாம். உடம்பு சில்லிட்டு, நினைவு மங்கி ஐசியூ-வுக்கு வர்ற 'மிக்ஸிடீமா கோமா'வுக்கு மாத்திரையைத் திடீர்னு நிறுத்துறதும் ஒரு காரணம். பொடி வித்தவர் அப்போ போனை எடுக்க மாட்டார்.

11/
சரி, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறோம், ஆனாலும் டிஎஸ்ஹெச் இறங்கலைன்னு சொல்றவங்க. உங்க காலை நேரத்தைச் சொல்லுங்க. "எழுந்த உடனே மாத்திரை, அஞ்சு நிமிஷத்துல காபி." அங்கதான் பிரச்சினை. காபி இந்த மாத்திரை குடல்ல உறிஞ்சப்படுறதைக் குறைக்கும். வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட போட்டுட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் காபி, டீ, பால், டிபன் எதுவும் வேண்டாம். காலைல முடியாதவங்க ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சு, படுக்கப் போறப்ப போடலாம். எந்த நேரமா இருந்தாலும் தினமும் அதே நேரம்.

12/
அடுத்த வில்லன், 'சத்து மாத்திரை'. கால்சியமும் இரும்பும் குடல்ல தைராய்டு மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கும், உள்ளே விடாது. நடுவுல 4 மணி நேரம் இடைவெளி வேணும். கேஸுக்குப் போடுற பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரைகளும் உறிஞ்சுறதைக் குறைக்கலாம். சோயாவும் அப்படித்தான். நம்ம வீடுகள்ல எல்லா மாத்திரையும் ஒரே டப்பாவுல இருக்கும். காலைல மொத்தமா ஒரு கை அள்ளி வாயில போட்டு ஒரே மடக்குத் தண்ணி. ரிப்போர்ட்ல 'ஹெச்' வராம என்ன பண்ணும்?

13/
ஓர் அம்மா, வயசு 52. ஒன்றரை வருஷத்துல மூணு இடத்துல காட்டி 75-லிருந்து 150-க்கு வந்திருந்தாங்க. அப்பவும் டிஎஸ்ஹெச் 9. "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டேன். முட்டி வலிக்குக் கொடுத்த கால்சியம், அதே நேரம், அதே மடக்குல. கால்சியத்தை ராத்திரிக்கு மாத்தினோம். ஆறு வாரத்துல டிஎஸ்ஹெச் சர்ருன்னு இறங்கிடுச்சு. டோஸைப் படிப்படியா 100-க்குக் கொண்டு வந்தோம். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒன்றரை வருஷத்துல யாருக்கும் நேரம் கிடைக்கலை.

14/
இதுல ஓர் எச்சரிக்கை. நேரத்தைச் சரி பண்ணினதும் அதே பெரிய டோஸ் முழுசா உள்ளே போக ஆரம்பிக்கும். அதனால "த்ரெட் படிச்சேன், கால்சியத்தை மாத்திட்டேன்"னு சும்மா இருந்துடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க. 6 வாரத்துல டெஸ்ட் எடுங்க. மாத்திரை பிராண்டை மாத்தினாலும் இதே விதிதான்.

15/
இன்னொரு கூட்டம் இருக்கு. மாசத்துல பாதி நாள் மாத்திரை மறந்துடும். டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி மட்டும் ஒழுங்கா போடுவாங்க, பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற மாதிரி. ரிப்போர்ட் காட்டிக் கொடுத்துடும். ஃப்ரீ டி4 நார்மலா அல்லது கொஞ்சம் மேல இருக்கும், டிஎஸ்ஹெச் மட்டும் ஏறி நிக்கும். சமீபத்துல போட்ட மாத்திரை டி4-ல தெரியுது, முன்னாடி விட்டது டிஎஸ்ஹெச்-ல தெரியுது. இதைப் பார்த்து டோஸ் ஏத்துற டாக்டர், விட்டுப்போன மாத்திரைக்கும் சேர்த்து மருந்து எழுதுறார்.

16/
நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மறந்தா மறந்தேன்னு சொல்லுங்க. திட்ட மாட்டோம். திட்டுற டாக்டரா இருந்தாலும் சொல்லுங்க, ஏன்னா மறைச்சா நஷ்டம் உங்களுக்குத்தான். டாக்டர்களுக்கும் ஒண்ணு. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டா எல்லாரும் "சாப்பிடுறேன்"னுதான் சொல்வாங்க. "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?"ன்னு கேளுங்க, உண்மை வரும்.

17/
டெஸ்ட் எடுக்கிற நாள் எப்படிப் போகணும்? அன்னைக்கு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்க. போட்டுட்டுப் போனா அடுத்த சில மணி நேரம் ஃப்ரீ டி4 நிஜத்தை விட ஏறித் தெரியும். டிஎஸ்ஹெச் ராத்திரியிலும் விடியற்காலையிலும் அதிகமா இருக்கும், மத்தியானத்துக்கு மேல குறையும். அதனால ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே நேரம், முடிஞ்சா அதே லேப். ஒரு தடவை காலை 7 மணிக்கு 4.8, அடுத்த தடவை சாயந்திரம் 3.6-னு வந்தா குணமாயிடுச்சுன்னு கொண்டாட வேண்டாம். கடிகாரம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

18/
இப்போ பலருக்குத் தெரியாத ஒண்ணு. முடி கொட்டுறதுக்குச் சாப்பிடுற பயோட்டின். நிறைய லேப் மெஷின்கள் டெஸ்ட் பண்ணுற முறையிலேயே பயோட்டின் ஒரு வேதிப்பொருளா இருக்கு. உங்க ரத்தத்துல அது அதிகமா இருந்தா மெஷின் குழம்பிடும். டிஎஸ்ஹெச்-ஐ பொய்யா குறைச்சும், ஃப்ரீ டி4-ஐ பொய்யா கூட்டியும் காட்டும். பார்க்க அச்சு அசல் ஓவர்டோஸ் மாதிரியே இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு.

19/
இந்தச் சங்கிலியைப் பாருங்க. தைராய்டு குறைவால முடி கொட்டுது. அழகு நிலையத்துலயோ ரீல்ஸ்லயோ பார்த்து பயோட்டின் வாங்குறாங்க. ரிப்போர்ட்ல டிஎஸ்ஹெச் 'எல்' வருது. டோஸைக் குறைக்கிறாங்க. ஹார்மோன் நிஜமாவே குறையுது. முடி இன்னும் கொட்டுது. பயோட்டினை ரெண்டாக்குறாங்க! டெஸ்ட்டுக்குக் குறைஞ்சது 2 நாள் முன்னாடி பயோட்டினை நிறுத்துங்க. அதிக டோஸ் எடுக்கிறவங்க எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மல்டி விட்டமின் அட்டையோட பின்பக்கத்தையும் படிங்க, அதுலயும் ஒளிஞ்சிருக்கும்.

20/
அடுத்து, அந்த 'ஹெச்'சும் 'எல்'லும் யாருக்காகப் போட்டது? லேப் கம்ப்யூட்டர் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரைக்கும்னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்கும். நீங்க கர்ப்பமா, 80 வயசா, கேன்சர் ஆபரேஷன் ஆனவரான்னு அதுக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவுல தைச்ச சட்டை அது.

21/
கர்ப்பிணிகள். முதல் சில மாசம் குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு அம்மாவோட தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். மாத்திரை சாப்பிடுற பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பம் ஆரம்பிச்சதுமே டோஸ் 25, 30 சதவீதம் வரைக்கும் கூடுதலா தேவைப்படும். டிஎஸ்ஹெச் 2.5-க்குக் கீழ இருக்கிறதுதான் இலக்கு. லேப் ஷீட்ல 3.8-க்குப் பக்கத்துல எந்த எழுத்தும் இருக்காது. "நார்மல்மா, போயிட்டு வா"ன்னு அனுப்பிடுவாங்க. கர்ப்பமான தங்கச்சிக்கு அது நார்மல் கிடையாது.

22/
அதனால நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச அதே வாரம் டாக்டரைப் பாருங்க. முதல் செக்கப்புக்கு மூணாவது மாசம் போகலாம்னு இருக்காதீங்க. கர்ப்பத்தோட பாதி வரைக்கும் சுமார் 4 வாரத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் அப்போதான் ஆரம்பிப்பாங்க, அந்த 4 மணி நேர இடைவெளி ஞாபகம் இருக்கட்டும். "மாத்திரை குழந்தைக்கு ஆகாது"ன்னு யாராவது நிறுத்தச் சொன்னா, அது மாமியாரா இருந்தாலும் சரி, கேட்காதீங்க. குழந்தைக்கு ஆகாதது மாத்திரை இல்லாம இருக்கிறதுதான்.

23/
இப்போ தாத்தா, பாட்டிகள். வயசு ஏற ஏற டிஎஸ்ஹெச் கொஞ்சம் ஏறுறது இயல்பு. 70, 80 வயசைத் தாண்டினவங்களுக்கு 4 முதல் 6 வரைக்கும் இருந்தாலே போதும்னு அமெரிக்கத் தைராய்டு சங்கத்தோட வழிகாட்டுதலே சொல்லுது. 78 வயசுப் பாட்டிக்கு 5.2 வந்ததுக்கு டோஸ் ஏத்தினா, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அதனால பக்கவாதம் வரலாம். எலும்பு தேயும், விழுந்தா இடுப்பு உடையும். தாளில் இருந்த ஒரு 'ஹெச்'சை அழிக்க இவ்வளவு விலையா?

24/
மாஸ்டர் ஹெல்த் செக்கப்புல டிஎஸ்ஹெச் 6 வந்ததுன்னு முதியவர்களுக்கு ஆயுசுக்கும் மாத்திரை ஆரம்பிக்கிறதும் இதே வியாதிதான். 65 வயசுக்கு மேற்பட்ட 737 பேரை வெச்சு ஐரோப்பாவுல நடந்த 'டிரஸ்ட்' ஆய்வு 2017-ல் வந்தது. ஃப்ரீ டி4 நார்மலா இருந்து டிஎஸ்ஹெச் மட்டும் லேசா ஏறினவங்க. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சோர்விலயோ மத்த அறிகுறிகள்லயோ வித்தியாசம் தெரியலை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வெச்சு ஆரம்பிக்காம, சில வாரம், சில மாசம் கழிச்சு மறுபடி பார்த்தா சிலருக்கு அது தானாவே இறங்கியிருக்கும்.

25/
நேர் எதிரான ஆட்களும் இருக்காங்க. தைராய்டு கேன்சர் ஆபரேஷன் ஆனவங்க சிலருக்கு நாங்க வேணும்னேதான் டிஎஸ்ஹெச்-ஐ அமுக்கி வெச்சிருப்போம். அவங்களுக்கு 'எல்' வர்றதுதான் சரி. அதைப் பார்த்து ஊர்ல வேற யாராவது டோஸைக் குறைச்சா மொத்தத் திட்டமும் கெட்டுப்போகும். அப்புறம் பிரசவத்துல பயங்கர ரத்தப்போக்கு ஆகி பிட்யூட்டரியே பாதிக்கப்பட்டவங்க. மோட்டாரே பழுதானப்போ அதோட சத்தத்தை வெச்சு டேங்க்கை எப்படி அளக்கிறது? அவங்களுக்கு டிஎஸ்ஹெச்-ஐப் பார்க்கவே கூடாது, ஃப்ரீ டி4-தான் வழிகாட்டி.

26/
லேப் பேக்கேஜ் பத்தி ஒரு வார்த்தை. லெவோதைராக்சின் சாப்பிடுற பெரும்பாலானவங்களுக்கு டிஎஸ்ஹெச் போதும். தேவைப்பட்டா கூட ஃப்ரீ டி4. ஒவ்வொரு தடவையும் டி3 பார்க்கிறது வீண். கர்ப்பத்துலயும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் 'டோட்டல்' டி3, டி4 தானாவே ஏறித் தெரியும், வீணா பயமுறுத்தும். ஆன்டி டிபிஓ ஒரு தடவை பாசிட்டிவ்னு தெரிஞ்சா போதும், அதை வருஷா வருஷம் எடுத்துப் பார்க்க அது வீட்டு வரி இல்லை. ஆஃபர்ல கிடைக்குதுன்னு பத்து நம்பர் வாங்கினா பத்துல ஒண்ணு தடித்த எழுத்துல வரத்தான் செய்யும்.

27/
இதைப் படிச்சுட்டு "நம்பரே பொய், உடம்பு சொல்றதுதான் உண்மை"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அதுவும் இல்லை. டிஎஸ்ஹெச் அருமையான டெஸ்ட், கேள்வி கேட்டுப் படிச்சா. டிஎஸ்ஹெச் சரியா இருந்தும் சோர்வா இருக்கிறவங்க நிஜமாவே இருக்காங்க, அவங்க நடிக்கலை. ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கமின்மை, மாதவிடாய் நிற்கிற காலம், மன அழுத்தம் எல்லாத்தையும் தேடணும். அதைத் தேடாம தைராய்டு டோஸை ஏத்துறது சோம்பேறி வைத்தியம். எடை குறைய இந்த மாத்திரையை ஏத்திச் சாப்பிடுறது அதை விட மோசம், இதயத்தோட விளையாடுற வேலை.

28/
சக டாக்டர்களுக்கு. ஓபி-ல எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா அஞ்சு கேள்வி ரெண்டு நிமிஷம்தான். எப்போ போடுறீங்க? எதோட போடுறீங்க? போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு? வேற என்ன மாத்திரை, பொடி? கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா? இந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சா, அந்த நோயாளி அடுத்த ஒரு வருஷத்துல நாலு தடவை திரும்பி வருவாங்க. நாலு டெஸ்ட் காசு, நாலு நாள் கூலி. அது நம்ம பாக்கெட்ல இருந்து போகலைங்கிறதுக்காக சும்மா விட முடியாது.

29/
நோயாளிகளுக்குச் சுருக்கமா:
• பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. ஒவ்வொண்ணுலயும் அப்போ என்ன டோஸ்னு பேனாவால எழுதி வைங்க.
• டோஸோ பிராண்டோ மாறினா 6 முதல் 8 வாரத்துல டெஸ்ட். நிலையா இருந்தா 6 மாசம், அப்புறம் வருஷம் ஒரு தடவை.
• டெஸ்ட் அன்னைக்கு ரத்தம் முதல்ல, மாத்திரை அப்புறம்.
• சாப்பிடுற எல்லா மாத்திரையும் பொடியும் ஒரு பையில எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.
• படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதுன்னா அடுத்த ரிப்போர்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே போங்க.

30/
இந்த த்ரெட்டைப் படிச்சுட்டு டோஸை நீங்களா மாத்தாதீங்க. ரிப்போர்ட்டை மட்டும் கமென்ட்ல போட்டு "என்ன டோஸ் டாக்டர்?"னும் கேட்காதீங்க. முப்பது போஸ்ட்டா நான் திட்டினதே அந்தப் பழக்கத்தைத்தான். அடுத்த தடவை தடித்த எழுத்துல ஒரு நம்பர் வந்தா, மாத்திரை டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி, மாத்திரைக்கும் காபி டம்ளருக்கும் நடுவுல எத்தனை நிமிஷம்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் டாக்டர்கிட்ட போங்க. இதை அம்மாவுக்கு ஃபார்வர்டு பண்ணா மட்டும் பத்தாது, பக்கத்துல உட்கார்ந்து படிச்சும் காட்டுங்க.